கன்னி மூலை

மார்கழி பாதிக்கு மேல் பெய்கிற மழைக்குக் கரிசல்காட்டில் யாரும் நல்ல பெயர் வைத்ததில்லை. பெய்ய வேண்டிய ஐப்பசியில் வானம் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கும். உளுந்து நெற்று கருத்து, நாளைக்கு ஆள் விட்டுப் பிடுங்கலாம் என்று இருக்கும்போது மூன்று நாள் விடாமல் ஊற்றும். இந்த வருஷமும் அதுதான் நடந்தது. நாலாம் நாள் வெயிலடித்தபோது நெற்றெல்லாம் செடியிலேயே முளைத்து வெள்ளையாக வால் நீட்டிக்கொண்டிருந்தது. நாகலாபுரத்துக்குக் கிழக்கே கொத்தாளப்பட்டியில் எந்தக் காட்டுக்குள் போனாலும் புளித்துப் பொங்கிய மாவு வாடை அடித்தது.

குருசாமி காட்டிலும் அதே வாடைதான். குருசாமி காடு என்பது ஊரார் வாய்வார்த்தைக்குச் சொல்வது. மூன்று ஏக்கருக்கும் பட்டா கோவில்பட்டி சுந்தரபாண்டியன் பெயரில் இருக்கிறது. அவருக்கு அங்கே தீப்பெட்டி வியாபாரம். பதினாறு வருஷமாகக் குருசாமி குத்தகைக்கு உழுகிறார். எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. “குத்தகைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா நாளைக்குக் காடே என்னுதும்பே” என்று சுந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு குருசாமி கேட்கவில்லை.

அரசாங்கம் விவசாயிக்கு ஒன்றும் செய்யவில்லை என்று குருசாமி ஒருநாளும் சொன்னது கிடையாது. மானிய விதை வருகிறது, தார்ப்பாய் வருகிறது, கைத்தெளிப்பான் வருகிறது, பயிர் இன்சூரன்ஸ் வருகிறது. ஒவ்வொன்றும் நல்ல திட்டம்தான். எல்லாமே பட்டா நகலில் ஆரம்பிக்கும் என்பதுதான் சங்கடம். உழுவது, விதைப்பது, களையெடுப்பது, பன்றி விரட்டுவது எல்லாம் குருசாமி; கம்ப்யூட்டருக்குத் தெரிந்த விவசாயி சுந்தரபாண்டியன். இந்தக் காட்டுக்கு வருஷாவருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறவரும் அவரே. பத்து வருஷத்தில் அவர் செருப்பில் இந்தக் கரிசல் ஒட்டியதே இல்லை.

மழைக்குப் பிறகு அந்த மூன்று ஏக்கரில் ஒரே ஒரு இடம் மட்டும் பச்சையாக நின்றது. வேம்படியில் பிள்ளையார் கல் இருக்கிற மூலையில், இருபது சென்ட் இருக்கும். அது குருசாமியின் மனைவி இசக்கியம்மாள் வாங்கிய பச்சை. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போட்டுச் சேர்த்த கூலியைக் கொடுத்து, போன சித்திரையில் ஆட்டுக்காரன் லிங்கராஜின் செம்மறிக்கிடையை எட்டு ராத்திரி அங்கே போட வைத்தாள். அவள் கூலி அந்த ஒரு மூலைக்குத்தான் எட்டியது. எங்கே போடுவது என்று லிங்கராஜ் கேட்டபோது, “பிள்ளையார் மூலையில போடு, அவரு பாத்துக்கிடுவாரு” என்றாள்.

பிள்ளையார் முன்னே வண்டித்தடத்து ஓரம் இருந்தவர். மின்சாரக் காற்றாடிக் கம்பெனிக்காரர்கள் இறக்கை கொண்டுபோகத் தடத்தை அகலமாக்கியபோது, குருசாமியும் லிங்கராஜும் கல்லைக் கெல்லி எடுத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேம்படிக்குக் கொண்டுவந்தார்கள். அது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது.

ஆட்டுப்புழுக்கையும் மூத்திரமும் குடித்த மண்ணில் செடி முழங்காலுக்கு வளர்ந்தது. வளர்ந்த கொழுப்பில் பூக்கவே இருபது நாள் பிந்திவிட்டது. அதனால்தான் தப்பித்தது. மற்ற நெற்றெல்லாம் முற்றி நின்று மழையில் முளைத்தபோது இது பால்பிஞ்சாக இருந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் வெயில் கிடைத்தால் பிடுங்கலாம்.

“இது விதைக்கு ஆவும்ட்டி,” என்று குருசாமி மழை விட்ட அன்றைக்கு வரப்பில் நின்று சொன்னார். “விதை மிஞ்சுனா அடுத்த வருசமும் உழுவேன். இதுவும் போச்சுன்னா கோயம்புத்தூர்ல செக்யூரிட்டி வேலைக்குப் போயிருதேன். ஐம்பத்தாறு வயசுக்கு அதுதான் குடுப்பான்.”

“விதை இருக்கு. உழுவீங்க,” என்று இசக்கியம்மாள் பேச்சை முடித்தாள்.

அதற்கு மறுவாரம் அவள் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் முனீஸ்வரனும் முத்துசெல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். முனீஸ்வரன் ஊரில் உரக்கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் இன்சூரன்ஸ் மனுவைப் போனில் போட்டுக்கொடுப்பவர். முத்துசெல்வி இசக்கியம்மாளோடு ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை, இரண்டு ஏக்கர் அவள் பெயரில் இருக்கிறது, இரண்டும் முளைத்துப்போய்விட்டது. ஆபீஸுக்கு அன்று அவள் வரவில்லை. குருசாமி கதவோரம் குத்துக்கால் போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது நல்ல சேதி இல்லை என்று இசக்கியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

“மதினி வந்தப்புறம் பேசுவோம்னு இருந்தோம்,” என்றார் முனீஸ்வரன்.

“வந்துட்டேன். பேசுங்க.”

“கை கால் கழுவிட்டு வாங்களேன்.”

“கழுவுனா சேதி மாறிருமா? சொல்லுங்க.”

முனீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாளைக்கழிச்சு வேளாண்மை ஆபீஸ்லருந்து ஜெயப்பிரியான்னு அந்தப் பிள்ளை வருது. நாலாவது எடை ஒங்க காட்டுல.”

இன்சூரன்ஸ் கணக்கு ஆளுக்கு ஆள் பார்க்கிற கணக்கு இல்லை, ஊர்க்கணக்கு. ஊருக்கு நாலு காட்டைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுக்கும். ஒவ்வொன்றிலும் அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததைப் பிடுங்கி அடித்து எடை போடுவார்கள். நாலும் சேர்த்துப் பார்த்து விளைச்சல் குறைந்தால் இன்சூரன்ஸ் கட்டிய எல்லாருக்கும் நஷ்டஈடு. குறையாவிட்டால் ஒருத்தருக்கும் கிடையாது. கொத்தாளப்பட்டியில் மூன்று காட்டின் எடை மழைக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. அந்த மூன்றிலும் எடை நன்றாகவே நின்றுவிட்டது. மழை அழித்ததைச் சொல்ல குருசாமி காடு ஒன்றுதான் பாக்கி.

“சரி, எடை போடட்டும்,” என்றாள் இசக்கியம்மாள். “முக்காலும் அழுகித்தான கெடக்கு.”

“முக்கால்ல விழுந்தா நான் ஏன் மதினி வாரேன்? போன தடவை அந்தப் பிள்ளை எம் பைக்லதான் வந்துச்சு. அப்பமே போன்ல காட்டுச்சு. தென்மேக்கு மூலையில நின்னு, நீளத்துல பதினாலு தப்படி, அகலத்துல ஒம்போது தப்படி. அங்கன முளைக்குச்சி அடிக்கணும்.”

“தென்மேக்குன்னா?”

“கன்னி மூலை.”

குருசாமி தலை நிமிராமலே சொன்னார்: “பிள்ளையார் மூலைட்டி.”

 ஊரில் கன்னி மூலை என்றால் பிள்ளையார், பிள்ளையார் என்றால் கன்னி மூலை. குருசாமி காட்டில் பிள்ளையார் எங்கே இருக்கிறார் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பதினாலு தப்படியும் ஒன்பது தப்படியும் வைத்தால் கயிறு சரியாகக் கிடை போட்ட இடத்தில் விழும் என்பதையும் நாலு பேரும் மனதுக்குள்ளேயே நடந்து பார்த்துக்கொண்டார்கள்.

“அதுக்கு நான் என்ன செய்யணுங்கீங்க?” என்றாள்.

“லிங்கராஜ் ஆட்டை ஒரு நேரம் உள்ள விட்டா போதும்.”

“என்னது?”

“பிடுங்கிப் போட்டா ஆபீசருக்குத் தெரிஞ்சிரும் மதினி. அறுத்த காடுன்னு சொல்லி வேற காட்டுக்குப் போயிரும், நாள் தள்ளிரும், எல்லாம் கெட்டுப்போவும். ஆடு மேஞ்சா காட்டுல நடக்குறதுதான. யாரு கேக்கப்போறா?”

“பிஞ்சைப் பிடுங்கினா எனக்குத்தான் என்ன ஆவும்? பால் காயல இன்னும்.” அவள் குரல் உயர்ந்தது. “எட்டு ராத்திரிக் கிடை. எனக்கு ஒரு சேலை எடுக்காம போட்ட கிடை. அதை மேய விடச் சொல்லுதீங்க. சரி, விட்டாச்சு. ஊருக்கு இன்சூரன்ஸ் வரும். இந்தக் காட்டுக்குரியது யாருக்கு வரும்?”

முனீஸ்வரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சொல்லுங்க அண்ணாச்சி, யாருக்கு?”

“சுந்தரபாண்டியன் மொதலாளிக்கு.”

“அப்ப எனக்கு?”

“ஊர்ல பேசி எதாவது…”

“எதாவது!” என்றாள் இசக்கியம்மாள். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன மாதிரியில் முனீஸ்வரன் எழுந்துவிட்டார்.

முத்துசெல்வி மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள். “அக்கா, ஒனக்கு மனசில்லன்னா வேண்டாம். நான் கேக்க வரல. அவிய கூப்பிட்டாவ, சும்மா கூட வந்தேன்,” என்றாள். அவள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. உள்ளே கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அதை வைத்துவிட்டுப் போனாள். குருசாமி இரண்டு வாய் சாப்பிட்டார். இசக்கியம்மாள் ரேஷன் அரிசிச் சோற்றில் தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை வேனில் கொத்தாளப்பட்டிப் பெண்கள் பதினொரு பேர் ஏறினார்கள். எல்லாருக்கும் சேதி தெரிந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் கொடுமை. வழக்கமாக ஊர் எல்லை தாண்டுமுன்னே ஆரம்பித்துவிடும் சிரிப்பாணி அன்றைக்கு இல்லை. யாராவது சண்டைக்கு வந்திருந்தால் இசக்கியம்மாள் ஈடுகொடுத்திருப்பாள். அவள் வாய்க்கு ஆபீஸே பயப்படும். முத்துசெல்வி எப்போதும் போலப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தலைப்பூவைப் பாதி கிள்ளி எப்போதும் போலக் கொடுத்தாள். விரல் நகத்தில் கரிசல் அப்படியே இருந்தது. முந்தின நாள் வேலைக்கு வராமல் முளைத்த நெற்றைப் பொறுக்கி, ஆட்டுக்காவது ஆகுமா என்று காயப்போட்டுப் பார்த்திருக்கிறாள்.

அன்று பண்டல் போடும்போது இசக்கியம்மாள் இரண்டு தரம் பெட்டியைக் குறைத்து வைத்துவிட்டாள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. மேஸ்திரி, “என்னம்மா, கண்ணாடி போடணுமா?” என்று கேட்டார். அவள் மத்தியானமே தலைவலி என்று சொல்லி, கோவில்பட்டியில் பஸ் ஏறி ஊர் வந்துவிட்டாள்.

“லிங்கராஜை வரச் சொல்லுங்க,” என்றாள் குருசாமியிடம்.

“நல்லா யோசிச்சியா?”

“யோசிச்சா முடியாது. போய்க் கூப்பிடுங்க.”

பொழுது மேற்கே சாயும்போது லிங்கராஜ் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். கரிசல் இன்னும் ஈரம் காயவில்லை; நடந்தால் காலோடு அப்பிக்கொண்டு ஒரு பாதத்துக்குக் கால்படி மண் வந்தது. ஆடுகள் வரப்பில் ஏறி நின்றன. இத்தனை நாளும் இந்த வரப்பைத் தாண்டினால் கல் விழும் என்று அவற்றுக்குப் பழக்கம். லிங்கராஜ் வாயால் சத்தம் கொடுத்தும் இறங்கவில்லை.

“பாத்தியாக்கா, அதுகளுக்கே தெரியுது,” என்றான்.

“அதுகளுக்கு இன்சூரன்ஸ் இல்ல, அதனால தெரியுது. உள்ள பத்தி விடு.”

அவன் முன்னால் போகிற கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டான். அப்புறம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன சித்திரையில் அந்த இடத்தில் படுத்து மண்ணை ஊட்டிவிட்டுப் போன அதே ஆடுகள், கொடுத்ததைத் திரும்ப வாங்க வந்ததுபோல் வரிசையாகத் தலையைக் குனிந்தன. பிஞ்சு நெற்று கடிபடுகிற சத்தம் வேம்படி வரைக்கும் கேட்டது. குருசாமி பார்க்க மாட்டேன் என்று வண்டித்தடத்துக்குப் போய்விட்டார். இசக்கியம்மாள் போகவில்லை. அவள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிகிற வரைக்கும் பார்த்தாள். அழுதாள், சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நன்றாகவே அழுதாள். லிங்கராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டை மட்டும் பார்த்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜெயப்பிரியா வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண், குளத்தூர்ப் பக்கம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் தடுமாறாமல் நடந்தாள். பின்னாலேயே முனீஸ்வரன் டேப்பும் கயிறும் முளைக்குச்சியும் சுமந்து வந்தார். ஊர்க்காரர் ஏழெட்டுப் பேர் தள்ளித் தள்ளி வரப்பில் நின்றார்கள். குருசாமி பிள்ளையார் மூலையில் காத்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ, ஆடு மேஞ்சிருக்கே,” என்றாள் ஜெயப்பிரியா, வேம்படியைத் தாண்டும்போது. “நேத்தா?”

“ஆமாம்மா. அவுத்துக்கிட்டு வந்துருச்சு,” என்றார் குருசாமி. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவருக்குக் காது சிவந்தது.

“தப்பி நிக்குற செடி ஒண்ணுரெண்டைப் பாத்தா நல்லாவே வளந்துருக்கும் போல. என்ன உரம் போட்டீங்க?”

“கிடை போட்டோம்.”

“அதான். எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுதோம், யாரு கேக்கா?” என்று சொல்லிக்கொண்டே அவள் போனைக் கையில் விரித்துப் பிடித்தாள். அதில் ஒரு முள் சுற்றி நின்றது. பிள்ளையாரையும் வேம்பையும் குருசாமியையும் தாண்டி, வரப்போடு தெற்கே நடக்க ஆரம்பித்தாள்.

“அம்மா, இங்கன,” என்றார் முனீஸ்வரன். “தென்மேக்கு இதுதான். கன்னி மூலை. பிள்ளையாரு இருக்காருல்லா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். “இல்லண்ணே. இது வடமேக்கு. தென்மேக்கு அந்தா, தடம் திரும்புதுல்லா, அங்கன.”

குருசாமி மேற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். முதுகில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து சூரியனைப் பார்த்து எழுந்து உழுத மனிதர், இன்றைக்குத்தான் திசை கண்டுபிடிக்கிறவர் மாதிரி நின்றார். அந்தத் தடம் திரும்புகிற மூலையிலிருந்து பிள்ளையாரைத் தூக்கி வந்தவர் அவர்தான். கல்லைத் தூக்கினார்கள், கல்லோடு பெயரும் எழுந்து வந்துவிட்டது. ஏழெட்டு வருஷமாக ஊர் முழுக்க வடமேற்கைக் கன்னி மூலை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

தடம் திரும்புகிற மூலையிலிருந்து ஜெயப்பிரியா பதினாலு தப்படி எண்ணினாள், அப்புறம் ஒன்பது எண்ணினாள். குருசாமிதான் டேப்பின் மறுநுனியைப் பிடித்தார். கயிறு கட்டிய சதுரத்துக்குள் ஒரு செடிகூட நன்றாக இல்லை. முளைத்ததும் கருகியதும் பூஞ்சை பிடித்ததுமாக எல்லாவற்றையும் பிடுங்கி, தார்ப்பாயில் போட்டு, கம்பால் அடித்துப் புடைத்தபோது இரண்டு கை கருப்பு மிஞ்சியது. தராசுத் தட்டு அசையத் தயங்கியது. வரப்பில் நின்றவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார்; மற்றவர் அவரை முழங்கையால் இடித்தார்.

“இது ரொம்பக் கம்மி,” என்றாள் ஜெயப்பிரியா. மனதாரச் சங்கடப்பட்டுத்தான் சொன்னாள். “ஊருக்குக் கண்டிப்பா கிடைக்கும்னு நினைக்கேன். இதுல ஒரு கையெழுத்து. நீங்கதான பட்டாதாரர்?”

“இல்லம்மா. குத்தகை.”

“எழுத்து இருக்கா?”

“இல்ல.”

அவள் பேனாவைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். “அப்ப இங்கன போடுங்க ஐயா. சாட்சின்னு.”

குருசாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் சுந்தரபாண்டியனிடமிருந்து போன் வந்தது. முனீஸ்வரன் சொல்லியிருக்கிறார். “கேள்விப்பட்டேன் குருசாமி. நல்லதா முடிஞ்சுது. பிள்ளையாருக்கு எம் பேர்ல ஒரு தேங்கா ஒடச்சிரு,” என்றார். குருசாமி, “சரி மொதலாளி,” என்று சொல்லிவிட்டுப் போனைப் பரண்மேல் வைத்தார். அப்புறம் டிரங்குப் பெட்டியை இழுத்து இரண்டு சட்டையை எடுத்து மடித்தார்.

இசக்கியம்மாள் அதைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

சாயந்திரம் முத்துசெல்வி வந்தாள். உட்காரவில்லை. “அக்கா, ஆவணியில மானிய விதை குடுப்பாவ. எம் பட்டாவைக் கொண்டுபோயி ஒனக்கும் சேத்து வாங்கித் தாரேன்,” என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இசக்கியம்மாள் அவளைச் சத்தம் போட்டாள்: “ஏட்டி, நீ என்னத்துக்கு அழுத? நீயா ஆட்டை விட்டே? மூக்கைத் தொடை.”

“விதை வந்தாலும் நான் உழல,” என்றார் குருசாமி உள்ளேயிருந்து. “எனக்குப் போதும்ட்டி. திங்கக்கிழமை பஸ் ஏறுதேன்.”

“ஏறுங்க. போய் நாலு காசு அனுப்புங்க. காட்டை நான் பாத்துக்கிடுதேன்.”

“நீயா?”

“ஏன், கிடை போட்டது யாரு?”

குருசாமி மடித்த சட்டையைத் திரும்பவும் மடித்தார். அந்த நேரம் பார்த்து லிங்கராஜ் ஆட்டை ஓட்டிக்கொண்டு தெருவழியே வந்தான். வாசல் வந்ததும் கம்பை ஊன்றி நின்றான். நேற்றிலிருந்து அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அக்கா, வார சித்திரையில எட்டு ராத்திரி நான் சும்மா கிடை போடுதேன். கூலி வேண்டாம், கஞ்சி மட்டும் ஊத்து,” என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, “எந்த மூலையில போடட்டும்?” என்று கேட்டான்.

இசக்கியம்மாள் வாசற்படியில் ஒட்டிக் காய்ந்திருந்த கரிசலைக் காலால் தேய்த்து உதிர்த்தாள்.

“நடுவுல போடு,” என்றாள். “மூலையெல்லாம் ஊருக்கு இருக்கட்டும்.”